தீபாவளிக்குக் கழுவாத வீடு

எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீடுகளை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

படி ஏற முடியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். இது லிப்ட் இல்லாத பழைய மலிவு விலை வீடு. சர்க்கரை நோயில் என் வீட்டுக்காரருக்கு ஒரு காலை எடுத்த பிறகு, நான்காம் மாடியில் இருந்த எங்களைக் கீழே மாற்றினார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் அதே வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நாங்கள் மக்சிக் என்போம், மலாயில் சித்தி, அத்தை என்கிற மாதிரி. எதிர் வீட்டில் ஒரு தாயும் மகளும். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் வசத்தில் இல்லை. கழுத்தும் நிற்காது. முப்பது வயதைத் தாண்டியும் அவள் எங்கள் எல்லாருக்கும் பாப்பாதான். சாயங்காலம் அவள் அம்மா சக்கர நாற்காலியில் வைத்துக் கார் நிறுத்துகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்து பாப்பா சத்தம் போட்டுச் சிரிப்பாள். மோட்டார் சைக்கிள் போனால் இன்னும் சத்தமாகச் சிரிப்பாள்.

ஏலாதவர்களைக் கீழே வைத்தது நல்ல மனதோடு செய்த காரியம்தான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு யோசித்துப் பாருங்கள். ஓட முடியாதவர்களை எல்லாம் பொறுக்கி எடுத்து வெள்ளத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய் கடலுக்குப் போகிறது. அதன் அக்கரையில் முன்பு தாழ்ந்த சேற்று நிலம் இருந்தது. நீப்பா மரமும் லாலாங் புல்லும் மண்டிக் கிடக்கும், பாம்பு வரும், கொசு வரும். யாரும் அந்த இடத்தை மதித்ததில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் கால்வாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் பரவி இரண்டு நாளில் வடிந்துவிடும். எங்கள் பக்கம் வந்ததே கிடையாது.

பிறகு லோரி லோரியாகச் செம்மண் வந்தது. அக்கரையை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கினார்கள். உயரமான வீடுகள் எழும்பின. பெரிய மரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள், பகல் வெயிலைப் பிடித்து இரவில் எரிகிற விளக்கு வைத்தார்கள், மீன் விட்ட குளம் கட்டினார்கள். வாசலில் ஒரு பலகை. இது பூமிக்குக் கேடு செய்யாத பசுமைக் குடியிருப்பு, நாளைய பிள்ளைகளுக்காகக் கட்டியது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நாளைய பிள்ளைகள் இருக்கட்டும். இன்றைய பிள்ளை ஒன்று இக்கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே, அதை யார் கணக்கில் வைத்தார்கள்?

அக்கரை உயர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் ரசம் எந்தப் பக்கம் ஓடும் என்று சோறு சாப்பிடுகிற எல்லாருக்கும் தெரியும்.

முதல் தடவை ஒரு மத்தியானம் வந்தது. கடல் ஏறியிருந்த நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்றுதான் நாங்கள் சாக்கை உருட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அது குளியலறை ஓட்டை வழியாக வந்தது. கறுப்பாக, கரப்பான்பூச்சியும் இன்னும் சொல்லக் கூடாததும் மிதக்க, குபுகுபுவென்று பொங்கியது. எதிர் வீட்டுக்காரி கத்தினாள். பாப்பா தரையில் போட்ட மெத்தையில் படுத்திருந்தாள். மெத்தை கட்டிலில் இருந்தால் உருண்டு விழுந்துவிடுவாள் என்பதற்காக அவள் அம்மா எப்போதும் தரையில்தான் போடுவாள். நானும் அவள் அம்மாவுமாக இரண்டு கிழவிகள் தூக்கியும் நகரவில்லை. மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் நேப்பாளத் தொழிற்சாலைக்காரர்கள் இறங்கி வந்து, பாப்பாவைப் போர்வையோடு சுருட்டி மாடிப்படி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் அவள் அந்தத் தண்ணீரை வாயிலும் மூக்கிலும் வாங்கியிருந்தாள்.

தண்ணீர் மறுநாள் வடிந்தது. அதோடு ஒரு செய்தியும் வந்தது. மேலிடத்து அதிகாரிகள் சேதத்தைப் பார்க்க வருகிறார்களாம்.

இங்கேதான் நாங்கள் செய்த காரியம் வருகிறது. வேறு யாரும் இப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று கேட்டதும் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ஆளுங்க வர்றாங்களாம். வீடு இப்படி நாறிக் கெடந்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?"

அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்தோம். சேற்றை வாரிக் கொட்டினோம், சுவரைத் தேய்த்தோம், டெட்டால் ஊற்றிக் கழுவினோம். ஊறிப்போன மெத்தைகளையும் உப்பிப்போன அலமாரியையும் கண்ணில் படாமல் குப்பை போடுகிற கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போட்டோம். மேல் மாடியிலிருந்து நல்ல விரிப்பு இரவல் வந்தது. சாம்பிராணி போட்டோம். மக்சிக் தன் வீட்டுச் சன்னலுக்குப் புதுத் திரை மாட்டினார். எதிர் வீட்டுக்காரி வாசலில் கோலம் போட்டு, பாப்பாவுக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்து, புதுக் கவுன் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் வடை சுட்டேன். மருத்துவமனையில் தரை துடைத்தே பிழைத்தவள் நான். என் வீட்டுத் தரையில் முகம் தெரிந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், வடை சாப்பிட்டார்கள். பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, என் வீடுகூட இவ்வளவு சுத்தமாக இல்லையே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நாங்களும் பூரித்துப்போய்ச் சிரித்தோம். கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு துணிப்பையில் அரிசியும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பாப்பாவுக்கு அன்று இரவே காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, எலும்பும் தோலுமாகத்தான் திரும்பி வந்தாள். டாக்டர் அவள் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அந்தத் தண்ணீர் உள்ளே போனால் பிள்ளை தாங்காது. ஈர வீட்டில் வைக்கவே வேண்டாம்.

ஈரமில்லாத வீட்டுக்கு எங்கே போவாள்? வெளியே வாடகைக்குப் போக வழியில்லை. கால்வாய் ஓரம் ஒரு சுவரும், கடல் ஏறும்போது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற ஒரு கதவும் கட்டிக் கொடுங்கள் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் மூலமாகக் கேட்டோம். பதில் வர நாளானது. வந்த பதில் இதுதான்: கீழ்த்தளத்து வீடுகளைப் பார்வையிட்டதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை, ஆகவே இப்போதைக்கு அவசரமில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு கூட்டத்தில் வந்தது.

நிலைத்து நிற்கும் சமூகத்தை உருவாக்குவது பற்றிய கலந்துரையாடல் என்று எங்களை அழைத்தார்கள். அக்கரைக் குடியிருப்பின் மண்டபத்தில்தான் நடந்தது. குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. நான் கடைசி வரிசையில் எதிர் வீட்டுக்காரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். குப்பையைப் பிரித்துப் போடுங்கள், பிளாஸ்டிக் பை வாங்காதீர்கள், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், எதையும் வீசாதீர்கள், வீசினால் கால்வாய் அடைத்து வெள்ளம் வரும் என்றார். சொல்லும்போது எங்கள் வரிசைகளைத்தான் பார்த்தார். அக்கரைக்காரர்களிடம் மண்ணைக் கொட்டாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஜாம் புட்டியைக்கூடக் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைக்கிறவர்கள். எங்களுக்குப் பாடம்.

அப்புறம் திரையில் பாப்பா வந்தாள்.

பொட்டும் பவுடரும் புதுக் கவுனுமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பளபளவென்று தரை. அடுத்த படத்தில் வாசல் கோலம். அதற்கடுத்து மக்சிக்கின் புதுச் சன்னல் திரை. கீழே ஆங்கிலத்தில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த சங்கத் தலைவரிடம் என்னவென்று கேட்டேன். எது வந்தாலும் தாங்கி எழுந்து நிற்கிற சமூகம் என்று நம்மைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

எதிர் வீட்டுக்காரி எழுந்தாள். அது என் பிள்ளை, அந்தப் படம் எடுத்த அன்றைக்கே அவளை ஆம்புலன்சில் கொண்டுபோனோம் என்று தெரிந்த மலாயில் சொன்னாள். கோட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் குழு நேரில் வந்து பார்த்ததே அம்மா, வீடு நல்ல நிலையில்தான் இருந்தது என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகு ஆடியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

தாங்குகிறவன் என்று ஒருவனைப் புகழ்வது எவ்வளவு வசதி. தாங்குகிறவன் தலையில் இன்னும் கொஞ்சம் வைக்கலாம் அல்லவா?

இரண்டாம் தடவை வெள்ளம் தீபாவளிக்கு முந்திய வாரம் வந்தது. வானம் கறுத்ததுமே நேப்பாளத்தார் இருவர் வேலைக்குப் போகாமல் காத்திருந்து பாப்பாவை இரண்டாம் மாடியில் ஒரு தமிழர் வீட்டுக்குத் தூக்கிவிட்டார்கள். அதனால் அவள் தப்பினாள். மக்சிக்கின் வீட்டுக்காரரையும் ஏற்றினார்கள். நான் சாமி படத்தை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். இந்தத் தடவை தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்து, வடியும்போது கணுக்கால் சேற்றை விட்டுவிட்டுப் போனது. மறுபடியும் செய்தி வந்தது, அதிகாரிகள் பார்க்க வருவார்கள் என்று. மறுபடியும் எல்லாரும் துடைப்பமும் வாளியுமாக இறங்கினார்கள். தீபாவளி வேறு.

நான் எதிர் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கே தெரியாமல் செய்தேன்.

"தள்ளுங்கக்கா, தண்ணி ஊத்தணும்" என்றாள்.

"ஊத்தாத. அப்படியே கெடக்கட்டும்."

"பண்டிக வருதுக்கா. வீட்ட இப்படியா போட்டு வைக்கிறது? ஊர் சிரிக்கும்."

"போன வாட்டி கழுவுனோமே, என்னா கெடச்சுச்சு? பிஸ்கட். கழுவுன தரையத்தான் படம் புடிச்சு, இவங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதிட்டாங்க. அவங்க வந்து பாக்குற வரைக்கும் ஒரு கை சேத்த எடுக்கக் கூடாது."

அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மக்சிக் என்ன என்று கேட்டார். அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் தன் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எதிர் வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்தாள்.

பேசிவிட்டோமே தவிர, அது லேசாக இல்லை. அதிகாரிகள் மறுநாள் வரவில்லை. பிறகு வருகிறோம் என்றார்கள். பிறகு, விடுமுறை கழித்து என்றார்கள். சேறு காய்ந்து வெடித்தது. நாற்றம் மாடிவரை ஏறியது. மேல் வீட்டுக்காரர்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழ் வீட்டு ராணிகளுக்குத் தூக்கம் கலையவில்லையா என்று கேட்டார்கள். ராத்திரி சங்கத்துக் கூடத்தில் படுத்தோம்.

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒவ்வொரு வீடாக ஏறினோம். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் வாசலில் விளக்கு வைக்காத முதல் தீபாவளி அது. சேற்றில் எங்கே வைப்பது? பத்து காவான் என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கிற என் மகன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினான். பேரப்பிள்ளைகள் வாசலைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒதுங்கினார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்குறீங்க. குழாய எங்க? நானே அடிச்சு வுட்டுர்றேன்."

"தொடாதடா."

"நம்ம வீட்டுக்கு வந்துருங்கன்னா வரமாட்டேங்கிறீங்க. சேத்துல ஒக்காந்து யாருக்குப் பாடம் சொல்றீங்க? ஆறாவது படிச்சிட்டு."

குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் என்னைத் தள்ளிவிட்டுத் திறக்க முடியாதல்லவா? பிறகு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடியில் பாப்பாவைப் பார்க்கப் போனான். இறங்கி வந்தபோது சத்தம் குறைந்திருந்தது. பாப்பா மூச்சு வாங்குவதைக் கேட்டிருப்பான். முறுக்கு டின்னை என் கையில் கொடுத்துவிட்டு, எப்ப வர்றாங்களாம் என்று மட்டும் கேட்டான்.

விடுமுறை முடிந்து வந்தார்கள். அதே பெரியவர், இன்னும் இரண்டு பேர், புதிதாக நம் இனத்துப் பெண் ஒருத்தி. சின்ன வயது. எதிர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்ததும் பெரியவர் இரண்டடி பின்னால் போனார். ஏன் இன்னும் கழுவவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சோம்பேறிப் பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். முதலில் கழுவுங்கள், நாங்கள் அடுத்த வாரம் வந்து பார்க்கிறோம் என்றார். அந்தப் பெண் அதையே தமிழில் பதமாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் கழுவிட்டுக் கூப்புடுங்க லா. உள்ள வந்து பாக்கணும், படம் எடுக்கணும், அதான்."

பார்க்க வந்தவர்கள், பார்க்க வேண்டியதை எடுத்துவிட்டுக் கூப்பிடு என்கிறார்கள். எனக்கு வாய் வந்தது.

"கழுவுனா ஒண்ணும் ஆகலன்னு எழுதுவீங்க. தீவாளிக்கே கழுவலம்மா நாங்க, உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம். உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

அந்தப் பெண் பெரியவரைப் பார்த்தாள். அவர் கைப்பேசியைப் பார்த்தார். அவள் என்ன நினைத்தாளோ, குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். நம் வீடுகளில் வளர்ந்த பழக்கம், வாசலைக் கண்டதும் கை தானாகப் போயிருக்க வேண்டும். கழற்றின பிறகுதான் எதிரில் இருப்பது சேறு என்று உறைத்திருக்கும். ஒரு நொடி நின்றாள். அப்புறம் வெறுங்காலோடு உள்ளே இறங்கினாள். காய்ந்த மேல்தோல் உடைந்து கால் கறுப்புக்குள் போனது. முகத்தைச் சுளித்தாள், ஆனால் நிற்கவில்லை. எதிர் வீட்டுக்காரி பாப்பா படுக்கிற இடத்தைக் காட்டினாள். தண்ணீர் ஏறின கறை சுவரில் எங்கே இருந்தது என்பதைக் காட்டினாள். அந்தப் பெண் மெத்தையைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், எல்லாவற்றையும் படம் எடுத்தாள். மக்சிக் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அப்படியே வந்தாள். வெளியே வந்தபோது நான் குழாயைத் திறந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றினேன். அந்த ஆண்கள் மூவரும் கடைசி வரைக்கும் உள்ளே வரவில்லை.

அந்தப் படங்கள் ஏதோ செய்தன. எதிர் வீட்டுக்காரிக்கு முதல் மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்த வீடு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் தலைக்கு மேலேயே. பூட்டின வீடு. பாப்பா அந்தத் தண்ணீரைக் குடித்த அன்றும் அது காலியாக, காய்ந்து, பூட்டித்தான் கிடந்தது. கேட்டால் நடைமுறை என்கிறார்கள்.

பாப்பா இப்போது ஈரமில்லாத வீட்டில் இருக்கிறாள். இருமல் குறைந்துவிட்டது. ஆனால் வீடு ஒதுக்கி ஏற்றிவிட்டவர்கள் இறக்கிவிட வருவதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நேப்பாளத்தாரைக் கூப்பிட முடியுமா? அவர்களும் வேலை முடிந்து செத்துச் சுண்ணாம்பாகி வருகிறவர்கள். மருத்துவமனைக்குப் போகிற நாளைத் தவிர அவள் படி இறங்குவதே இல்லை. கீழே பந்து விளையாடுகிற சத்தம் கேட்டால் கத்துகிறாள். முன்பு மாதிரி சிரிப்பில்லை அது. அவள் அம்மா என்னிடம் சொன்னாள்: "மூச்ச காப்பாத்திட்டேன்க்கா. பிள்ளையப் பூட்டி வச்சிட்டேன்."

சுவரும் கதவும் வந்தால் பாப்பா பழைய வீட்டுக்கே இறங்கி வரலாம். அதைக் கேட்கத்தான் போன மாதம் அவர்கள் கூட்டிய அடுத்த கூட்டத்துக்குப் போனேன். பாப்பாவைத் தனியே விட முடியாது என்று எதிர் வீட்டுக்காரி வரவில்லை. ஒளிந்துகொள்ள எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதே கோட்டுக்காரர், அதே குளிர். கேள்வி உண்டா என்றதும் எழுந்தேன். சுவர் எப்போது கட்டுவீர்கள், பிள்ளை கீழே இறங்க வேண்டும் என்று மலாயில் கேட்டேன். வழி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தது, பாதி மறந்துவிட்டது, அந்த இரண்டும் மிஞ்சின.

அது ஆய்வில் இருக்கிறது ஆன்ட்டி, உட்காருங்கள் என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் அடுத்த படத்தைப் போட்டார், பிறகு திரும்பிப் பார்த்தார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். முழங்கால் வலித்தது. மண்டபமே திரும்பிப் பார்க்கிறது என்று தெரிந்தது, எனக்கு அது முழங்கால் வலியைவிடப் பெரிய வலி. உட்காருங்கள் என்று மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் கடுப்பாகச் சொன்னார்.

ஒரு தேதி சொல்லுங்கள், உட்காருகிறேன் என்றேன்.